வாசிக்காமல் விட்ட வரி

இதில் வருகிற பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவளுடைய அம்மா இப்போது இல்லை. கேட்காமல் ஒருமுறை எழுதியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் சமூகப்பணி முதுகலை படித்தேன். வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, இரண்டு நாள் களப்பணி. களப்பணி என்று யார் சொன்னார்கள், எல்லோருக்கும் ஃபீல்டு ஒர்க்தான். சிலரைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும், சிலரைச் சிறுவர் இல்லத்துக்கு. எனக்குக் கிடைத்தது சிங்காநல்லூர் பக்கம் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். மூடிப்போன மில்களின் தொழிலாளர் பிள்ளைகளை, வெளிநாட்டுக்காரர்களிடம் உதவி கேட்டுப் படிக்கவைப்பது அவர்கள் வேலை. எனக்கு ஆங்கிலம் சரளமாக வரும். கொடுமுடிப் பக்கத்திலிருந்து வந்தவளுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. விண்ணப்பங்களை நான் எழுதித் தருவது, என் செமஸ்டர் கட்டணத்தில் பாதியை அவர்கள் கட்டுவது என்று ஏற்பாடானது. அந்தப் பாதி இல்லையென்றால் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருக்க வேண்டியதுதான்.

முதலில் சொன்னேனே, அந்த அம்மாவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். லைன் வீட்டில் குடியிருந்தார். பம்ப்செட் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றும் பட்டறையில் வேலை. செம்புக் கம்பி விரல்களைக் கோடு கோடாக அறுத்து வைத்திருக்கும். மில் மூடிய வருடமே கணவர் இறந்துபோனார். ஒரே மகள், எட்டாம் வகுப்பு. லீவு முடிந்ததும் அவளைத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிடுவதாக இருந்தார். அவளுக்காக நான் அனுப்பிய முதல் விண்ணப்பத்துக்குப் பதிலே வரவில்லை.

நாலாவது முறை வீட்டுக்குப் போனபோது மகள் குழாயடிக்குப் போயிருந்தாள். அந்த அம்மா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“அவருக்கு நெஞ்சுவலின்னுதானுங்க அம்மணி எல்லார்த்துகிட்டயும் சொல்லி வெச்சிருக்கறோம். அது நெஞ்சுவலி இல்லீங்க. அவரா பண்ணிக்கிட்டதுங்க. புள்ளைக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாங்க. உங்களோட போகட்டுங்க.”

“சொல்ல மாட்டேனுங்கக்கா” என்றேன்.

அந்த மாதப் பரீட்சையில், நம்பிச் சொன்னதைக் காப்பது பற்றிய கேள்விக்கு இரண்டு பக்கம் பதில் எழுதிப் பத்துக்கு ஒன்பது வாங்கியிருந்தேன்.

நிறுவனத்தை நடத்திய சார் நல்ல மனிதர். “மொதல்ல அனுப்புனதுல குறை ஒண்ணும் இல்லீங்க கண்ணு” என்றார். “ஆனா அவங்களுக்கு இதே மாதிரி நூறு வருது. படிக்கறவங்க மனசுல நிக்கோணும்.” உட்கார்ந்து இரண்டாவது விண்ணப்பம் எழுதினேன். அந்த அம்மா சொன்னதை அதில் சேர்த்தேன். கை நடுங்கியது என்றெல்லாம் பொய் சொல்ல விரும்பவில்லை. நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. கடல் தாண்டி இருக்கிற யாருக்கோ தெரிந்தால் என்ன, அவர் சிங்காநல்லூருக்கு வந்தா சொல்லப்போகிறார்? ஜூன் மாதத்துக்குள் பணம் வந்துவிட்டது. அவள் திருப்பூர் போகவில்லை. அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதிக்கொடுத்த கேஸ் ஸ்டடிக்குக் கல்லூரியில் எனக்குத்தான் முதல் மார்க்.

உதவி செய்கிறவர்களின் கடிதங்கள் வருடத்துக்கு இரண்டு முறை கட்டாக வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் தாய்மார்களையும் ஹாலில் உட்காரவைத்து, ஒவ்வொன்றையும் நான் தமிழில் சொல்ல வேண்டும். முடிந்ததும் அந்தப் பிள்ளை எழுந்து வந்து கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளும். எல்லோரும் கை தட்டுவார்கள். முன்கூட்டியே படித்து வைக்க எனக்கு ஒரு வாரம் இருந்தது. படிக்கவில்லை. அலட்சியம், வேறொன்றுமில்லை.

அவளுக்கு எழுதியிருந்தவர் வயதான ஒரு பெண்மணி. தோட்டத்தைப் பற்றி, பூனையைப் பற்றி, பனியைப் பற்றி எழுதியிருந்தார். சொல்லிக்கொண்டே வந்தேன். அடுத்த வரியில், உன் அப்பா தன்னைத்தானே மாய்த்துக்கொண்டார் என்று படித்து அழுதேன், அவர்மேல் கோபப்படாதே என்றிருந்தது. அந்த வரியை விட்டுவிட்டு, “நல்லாப் படி, உனக்காக ஜெபம் பண்றேன்னு எழுதியிருக்காங்க” என்று கடைசி வரிக்குத் தாவினேன். அந்த அம்மா முன்வரிசையில் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். மகள் வந்து கைகளை நீட்டினாள். கை தட்டும் சத்தம். கொடுத்துவிட்டேன். இவளுக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைத்தேன். அந்தப் பெண்மணியின் பணத்தில்தான் அவள் ஆறு மாதமாக ஆங்கில ட்யூஷன் போய்க்கொண்டிருந்தாள். வைக்கச் சொன்னவளே நான்தான்.

புதன்கிழமை பிள்ளைகள் பதில் கடிதத்தோடு வருவார்கள். தமிழில் அவர்கள் எழுதியதை நான் ஆங்கிலத்தில் எழுதுவேன், அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். அவள் கடைசியாக வந்தாள். அரைப் பரீட்சை மார்க், ட்யூஷன், நன்றி. கீழே இரண்டு வரி: “எங்கள் அப்பா நெஞ்சுவலியால் இறந்தார். உங்களுக்குத் தவறாக எழுதிவிட்டார்கள்.”

நிமிர்ந்து அவளைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. மற்றதையெல்லாம் எழுதினேன், அந்த இரண்டு வரியை விட்டுவிட்டேன். நாம் பொய் எழுதுகிறோம் என்று அங்கே நினைத்துவிட்டால் மற்றப் பிள்ளைகளின் படிப்பும் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பாதிக் கட்டணமும் நினைவுக்கு வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கையெழுத்துக்குத் தாளைத் தள்ளினேன். அவள் பேனா முனையை ஒவ்வொரு வரியின் கீழும் நகர்த்திப் படித்தாள். முடிந்ததும் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மறுபடி திருப்பி, கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே, எழுத்து எழுத்தாக யோசித்து, அப்பா நெஞ்சுவலியில்தான் செத்தார் என்று ஆங்கிலத்தில் தானே எழுதினாள். பெயரையும் எழுதினாள்.

பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

“அக்கா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அம்மாவுக்குத் தெரிய வேண்டாங்க. இதாச்சும் உங்களோட போகட்டுங்க.”

கடிதத்தை அப்படியே உறையில் போட்டு ஒட்டினேன். அங்கிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை. பள்ளி முடியும்வரை பணம் நிற்காமல் வந்தது.

அதன் பிறகு எங்கே பார்த்தாலும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொள்வார். “நீங்க மட்டும் எழுதலீன்னா எம்புள்ள திருப்பூர்லதானுங்க இருந்திருக்கும்” என்பார். மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். நான் தலையாட்டுவேன்.