நான் அனுப்ப மறுத்த லாரிகள்

லாரி மோதுவது எங்கோ நெடுஞ்சாலையில் என்றாலும், அந்த விபத்து பெரும்பாலும் புக்கிங் ஆபீசிலேயே தயாராகிவிடுகிறது. தொண்ணூறுகளில் தி. நகரில் ஒரு லாரி ஆபீசில் வெளிமாநில வண்டிகளைத் திட்டமிட்டு அனுப்புவது என் வேலை. எந்த வண்டி, எவ்வளவு பாரம், எந்த வழி, பர்மிட் எந்தெந்த மாநிலத்துக்கு இருக்கிறது, டிரைவர் எங்கே நிறுத்தித் தூங்குவார் என்று எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே யோசித்துவைக்க வேண்டும். முதலாளிக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் நின்று ‘கூடாது’ என்று சொல்லியே தொண்டை வறண்டவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

மெத்தைக்குள் சிலிண்டர்

மயிலாப்பூரில் ஒரு பேங்க் அதிகாரிக்கு நாக்பூருக்கு மாற்றல். கேஸ் சிலிண்டர் ஏற்றக்கூடாது என்று முன்பே படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பீரோ ஏறியது, ஊஞ்சல் பலகை ஏறியது. கடைசியில் சுருட்டிக் கட்டிய ஒரு மெத்தையைத் தூக்க ஆட்கள் திணறினார்கள். இலவம்பஞ்சு அவ்வளவு கனக்குமா? அவிழ்க்கச் சொன்னேன். உள்ளே போர்வை சுற்றி, முழு சிலிண்டர்.

இறக்கச் சொன்னதும் மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. கத்திரி வெயில், மூடிக் கட்டிய தார்ப்பாய், பள்ளமும் மேடுமாக ரோடு, முன்னால் உட்கார்ந்திருக்கும் டிரைவரின் உயிர் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவர் மனைவியிடம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு என்னிடம் கேட்டார்: “இத்தனை வருஷமா ஆத்துல சமத்தா இருந்துண்டிருந்தது, உங்க லாரில ஏறினதும் வெடிச்சுடுமோ?”

காலி இடம்

பாண்டி பஜார் பக்கம் ஒரு பாத்திரக் கடைக்காரர் புனேக்குப் பித்தளைக் குத்துவிளக்குகள் அனுப்பினார். பித்தளை இடத்தை அடைக்காது, எடையில்தான் ஆளைக் கொல்லும். எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால் அனுமதித்த பாரம் வந்துவிட்டது. வண்டியோ பாதிக்கு மேல் காலி. இனி ஒரு பெட்டிகூட ஏறாது என்றேன். பாரம் மிஞ்சினால் டயர் வெடிக்கும், திருப்பத்தில் வண்டி டிரைவர் பேச்சைக் கேட்காது என்றேன். கடைக்காரரும் என் பேச்சைக் கேட்கவில்லை. பின்பக்கம் ஏறி, காலி இடத்தில் கைகளை விரித்து நின்றுகொண்டு தெருவே கேட்கும்படி கத்தினார்: “இவ்ளோ எடம் சும்மா கீதே, புனே வரைக்கும் காத்தையா ஏத்தினு போவப்போறீங்க?”

சமதரை

எங்கள் முதலாளி நாகப்பன் ஒரு காலத்தில் டிரைவராக இருந்தவர். அதனால் டிரைவர்கள் மேல் இரக்கம் இருக்கும் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஒரு வண்டியின் பிரேக் லைனிங் தேய்ந்துபோய்விட்டது என்று மெக்கானிக் சொன்னதும் வண்டியை நிறுத்திவைத்தேன். திரும்பி வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி. நான் பர்மிட் பேப்பர்களை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டேன். வேறு வழியில்லாமல் லைனிங்கை மாற்றினார். மாற்றிவிட்டு, டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டிக் காட்டிச் சொன்னார்: “விஜயவாடா வரைக்கும் சமதரைதான், அங்க பிரேக்குக்கு இன்னா வேல கீது, நீயே சொல்லு நைனா?”

ஒரு நிமிஷம்

காதர் பாய், மீர்சாகிப்பேட்டைக்காரர், எங்களிடம் இருந்தவர்களிலேயே நிதானமான டிரைவர். ஒருநாள் காலையில்தான் கல்கத்தாவிலிருந்து திரும்பியிருந்தார். கண்கள் இரண்டும் செங்கல் நிறம். அன்று மாலையே நாக்பூருக்கு மருந்துப் பெட்டிகள் போக வேண்டும் என்றார் முதலாளி. கூடப் போகவேண்டிய இரண்டாவது டிரைவர் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தார். “நாளைக்கு ரெண்டு பேராப் போகட்டும்” என்றேன். “நான் டெல்லி வரைக்கும் ஒண்டியா ஓட்டினவன்” என்றார் முதலாளி. டிராயரைப் பூட்டினேன். அவரிடம் இன்னொரு சாவி இருந்தது.

வண்டியடிக்கு ஓடினேன். “போகாதீங்க பாய்” என்றேன். “போவலன்னா வேலையவுட்டுத் தூக்கிடுவாரு மேடம். வூட்ல ரெண்டு பொண்ணுங்க கீது” என்று சொல்லிவிட்டு முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு ஏறினார்.

நெல்லூர் தாண்டி, வளைவே இல்லாத ரோட்டில், வண்டி புளியமரத்தில் மோதியது. முழங்காலுக்குக் கீழே வலது காலை எடுத்துவிட்டார்கள். மெட்ராசுக்குக் கொண்டுவந்த பிறகு ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். ஆறுதல் சொல்லத்தான் போனேன். கட்டிலருகே நின்று முதலாளியைத் திட்டத்தான் முடிந்தது. காதர் பாய் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தபடி இருந்தார். “கண்ணு தானா மூடிக்கிச்சு மேடம். அந்த ஒரு நிமிஷத் தூக்கம் இன்னா சொகமா இருந்திச்சு தெரியுமா?”

விசாரணை

நஷ்டஈட்டு விசாரணையில் முதலாளி, காதர் இரண்டு நாள் வீட்டில் படுத்துத் தூங்கிவிட்டுத்தான் வண்டி எடுத்தான், விபத்து அவனுடைய கவனக்குறைவு என்றார். என்னையும் அப்படியே சொல்லச் சொல்லியிருந்தார். என் முறை வந்தது. ஊன்றுகோல்களை மடியில் கிடத்திக்கொண்டு காதர் பாய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். “அன்னிக்குக் காலையிலதான் கல்கத்தாவுலேர்ந்து வந்தாரு. போகக்கூடாதுன்னு நான் தடுத்தேன். அனுப்பினது இவரு” என்று முதலாளியைக் கைகாட்டினேன்.

நஷ்டஈடு வந்தது. கால் வரவில்லை. எனக்கு வேலை, சாட்சி சொன்ன அன்றே போய்விட்டது. படிக்கட்டில் என்னை மறித்துக்கொண்டு முதலாளி கேட்டார்: “மாசாமாசம் உனக்கு சம்பளம் குடுத்தது நானா, காதரா?”

புது ஆபீஸ்

சில மாதங்கள் கழித்து மந்தைவெளியில் வேறொரு லாரி ஆபீசில் வேலை கிடைத்தது. புது முதலாளி நாற்காலி போட்டு உட்காரவைத்து, காபி வரவழைத்து, காதர் பாய்க்காக நான் பேசியதை மனதாரப் பாராட்டினார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே ஒரு லாரி, பாரம் தாங்காமல் பின்பக்கம் அமுங்கி நின்றது. நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். “உங்களை மாதிரி கண்டிப்பான ஆளுதாம்மா நமக்கு வேணும், இன்னிக்கு மட்டும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க.”

லாரி வேண்டுமானால் டீசலில் ஓடலாம், லாரித் தொழில் ஓடுவதென்னவோ அந்த ‘இன்னிக்கு மட்டும்’ என்பதில்தான்.