விரத வீட்டில் வேட்டை மீன்கள்

பெரிய தொட்டிக்கு மீன் பொறுக்குகிறவர்கள் பெரும்பாலும் நீளத்தைப் பார்ப்பார்கள். நான் வாயைப் பார்ப்பேன். வேட்டை மீன்களைப் பொறுத்தவரை எதன் வாய்க்குள் எது நுழையும் என்பதுதான் விஷயம். நுழைந்தால் இரை. நுழையாவிட்டால் சேர்ந்து இருக்கலாம், அதுவும் வயிறு நிறைந்திருக்கும்வரை.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். சோமனூரில் தறி ஓட்டினேன். பஞ்சுத்தூசியில் இருமல் வந்ததும் சென்னிமலைப் போர்வைகளை மூட்டை கட்டித் தூத்துக்குடிப் பக்கம் கொண்டுபோய் விற்றேன். அந்த வெக்கையில் யார் போர்வை வாங்குவார்கள்? மூட்டை அப்படியே கிடக்க, கண்ணாடித் தொட்டிகளுக்குக் கடல் மீன் பிடித்து அனுப்புகிற ஆட்களோடு சேர்ந்துகொண்டேன். அங்கேயும் நிற்கவில்லை. கோயம்புத்தூருக்குத் திரும்பி, காந்திபுரம் பக்கத்தில் ஒரு மீன் கடையில் வேலைக்கு இருந்தேன். யாரோடும் சண்டை போட்டுக் கிளம்பியதில்லை. ஒரு நாள் காலையில் கால் நிற்காது, அவ்வளவுதான்.

கடைக்கு ஒரு விசைத்தறி முதலாளி வந்தார். சோமனூரை ஒட்டித் தோட்டத்துக்கு நடுவில் புது வீடு கட்டியிருந்தார். முன்வாசலைத் திறந்தால் ஹால். ஹாலின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டி. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் உப்புநீர்த் தொட்டி என்றால் கடலையே நாம்தான் தயாரிக்க வேண்டும். தண்ணீரை வடிகட்டி, கடலுப்புப் பொடி கலந்து, கல் அடுக்கி, மோட்டாரை ஓடவிட்டு, மீன் இல்லாமலே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏப்பா, வெறுந்தண்ணியக் காட்டறதுக்கா இத்தனை பெரிய தொட்டி? வாரவங்கெல்லாம் மீனெங்க மீனெங்கன்னு கேக்கறாங்க."

"தண்ணி பக்குவமாகோணுங்கண்ணா. இப்ப உட்டா செத்துப்போகுமுங்க."

"சரி, உடறப்ப நல்ல ரகமா உடு. கலர் கலரா நெளியறது எனக்கு வேண்டாம். வேட்டையாடறது வேணும். சுறாக்குட்டி ஒண்ணு கெடைக்குமா?"

"சுறாவுக்கு இந்தத் தொட்டி பத்தாதுங்கண்ணா. கெணறு வேணும்."

"கெணறும் இருக்குதப்பா" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதலில் சிங்கமீனை விட்டேன். செட்டைகளை விசிறி போல விரித்துக்கொண்டு மெதுவாக மிதக்கும். முள்ளில் விஷம் உண்டு; ஆனால் சாது. சாதுவானதை முதலில் விட வேண்டும். முதலில் போகிற மீன் தொட்டி தன்னுடையது என்று நினைத்துக்கொள்ளும்; முரட்டு மீனுக்கு அந்த நினைப்பு வந்தால் பிறகு வருகிறது பிழைக்காது. அடுத்து அஞ்சாளை. பாம்பு உடம்பு, பகலெல்லாம் கல்பொந்திலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், ஓர் இடுக்கு கிடைத்தாலும் வெளியே வந்து தரையில் கிடந்து காய்ந்துவிடும். வாய் அகன்ற களவா மீன் கடைசி என்று வைத்திருந்தேன். அதுதான் முரடு, வேகமாக வளர்வதும் அதுதான். சிங்கமீன் விழுங்க முடியாத அளவுக்குப் பெரியதாகவும், சிங்கமீனை விழுங்க முடியாத அளவுக்குச் சின்னதாகவும் ஒன்றைத் தேடிப் பிடித்தேன்.

மூன்றோடு நிறுத்தச் சொன்னேன். அவர் கடைக்கு வந்தபோது பயந்தால் பந்து போல உப்புகிற பேத்தை மீன் ஒன்று கண்ணை உருட்டிக்கொண்டு கண்ணாடியில் வந்து முட்டியது.

"அடடா, எங்க சம்மந்தி மாதரயே இருக்கறாரு. இவரையும் புடி."

"பசி வந்தா அது சிங்கமீன் செட்டையக் கடிக்குமுங்கண்ணா."

"பசி வராம நீ பாத்துக்க. அதுக்குத்தான நீ?"

பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "இத பாரு. தைப்பூசம் முடிஞ்சு வந்து சொந்தத்துக்கெல்லாம் விருந்து வெக்கறேன். அன்னிக்கு நாலும் உசுரோட ஒத்துமையா இருந்துதுன்னா நீயும் இங்கயே இருந்துக்க. மாடில ஒரு ரூமு சும்மாதான் கெடக்குது. ஒண்ணை ஒண்ணு தின்னுபோட்டா, நீ கடைக்கே போயிரு" என்றார்.

நான் அப்போது கடைக்குள்ளேயே மோட்டார்களுக்கு நடுவில் படுத்திருந்தேன். மழைக்காலத்தில் தரை ஊறும். அது பழகிப்போனதுதான். இருந்தாலும் அந்த அறை எனக்கு வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்று கேட்டால் தெரியாது. தலையில் நரை தெரிய ஆரம்பித்திருந்தது, அதுவாக இருக்கலாம்.

செத்த இறாலைக் குச்சி நுனியில் குத்தி, உயிருள்ளது போல ஆட்டி, நாலையும் தின்னப் பழக்கினேன். ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி. சிங்கமீன் மட்டும் கொஞ்ச நாள் வீம்பு பண்ணியது. பிறகு அதுவும் வந்தது. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது மார்கழி வந்தது.

ஒரு காலையில் நான் போனபோது முதலாளியும் அவர் மனைவியும் பச்சை உடுத்திக் கழுத்தில் மாலையோடு நின்றார்கள். பழனிக்கு நடைப்பயணம். எனக்கு மீன் தீனி நினைவுக்கு வந்தது. அவருக்கும் அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன், என் கண்ணைப் பார்க்காமல் தோட்டத்துக்குப் போய்விட்டார். வேட்டை மீன் வேண்டும் என்று கேட்டவர், மாலை போட்டால் வீட்டுக்குள் கவுச்சி நுழையாது என்பதை யோசிக்கவே இல்லை. நானும்தான். வருசா வருசம் பார்க்கிற விஷயம். தொட்டி முன்னால் நின்றபோது இரண்டு பேருக்கும் நினைவில்லை. ஃப்ரிட்ஜில் வைத்திருந்த இறாலும் கணவாயும் காம்பவுண்டுக்கு வெளியே கிடந்தன. காக்கைகள் பாதியை முடித்திருந்தன.

"அக்கா, மீனுக்குத் தீனி..." என்று ஆரம்பித்தேன்.

"தைப்பூசம் வரைக்கும் இந்த ஊட்டுக்குள்ள கவுச்சி வராது தம்பி. தப்பா நெனைக்காதீங்க."

"மீனே கவுச்சிதானுங்களே, அதை வெச்சுட்டுத்தான இருக்கறோம்?"

"உசுரோட இருக்கறது எப்படிக் கவுச்சியாகும்? செத்தாத்தான் கவுச்சி."

"அப்ப உசுரோட சின்ன மீனு போடலாமுங்களா?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் மாலை போட்டுட்டு நிக்கறப்ப என் ஊட்டுக்குள்ள ஒரு உசுரு போகோணுமா? நல்லாக் கேட்டீங்க கேள்வி."

ஆனாலும் அக்கா கல்நெஞ்சக்காரர் இல்லை. அன்று மதியமே ஒரு கிண்ணத்தோடு வந்தார். மீல்மேக்கரை ஊறவைத்துப் பிழிந்து கொண்டுவந்திருந்தார். "எங்களுக்கும் கறிக்குப் பதிலா இதுதான். உப்பு காரம் போடலீங்க, கண்ணுக தின்னட்டும்." குச்சியில் குத்தி ஆட்டினேன். களவா பாய்ந்து வந்து கவ்வியது. அரை நொடி வாயில் வைத்திருந்துவிட்டு எங்கள் பக்கம் பார்த்துத் துப்பியது. பேத்தை அதைக் கடித்துத் தூளாக்கித் தண்ணீரையெல்லாம் கலக்கியது. நான் சாயங்காலம்வரை வலை போட்டு அள்ளிக்கொண்டிருந்தேன். அடுத்து காளான் வந்தது. அதற்கும் அதே கதி.

வேட்டை மீன் சில நாள் தின்னாமல் தாங்கும். ஆனால் தாங்குகிற மீன் அதே மீனாக இருக்காது. இது எனக்குத் தறிக்கூடத்தில் தெரிந்தது. ஓர் அறையில் ஏழு பேர் இருந்தோம். சம்பளம் வாங்கிய அன்று அண்ணன் தம்பிகள். வாரக் கடைசியில் ஒருவன் சோப்பை இன்னொருவன் எடுத்தால் கைகலப்பு. தொட்டியிலும் அதையேதான் பார்த்தேன். களவா தன் மூலையை விட்டு நடுவில் வந்து நின்றது. அஞ்சாளை பகலிலேயே பொந்தைவிட்டு முழுதாக வெளியே வந்து மூடியை முட்டியது. கடைக்குப் போனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ் பிடித்துத் திரும்ப வந்து கண்ணாடி முன்னால் நின்றேன். முதலாளியிடம் பேத்தையையாவது எடுத்துவிடலாம் என்றேன். "எடுத்தா நாலு எங்கப்பா? நாலும் ஒத்துமையான்னுதான பேச்சு" என்றார்.

அப்புறம் ஒரு காலையில் சிங்கமீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. வலப்பக்கச் செட்டை பாதிவரை இல்லை. பேத்தை அதன் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். அவர் வாசல் தெளித்த கையோடு வந்து நின்று பார்த்தார்.

"வலிக்குமா தம்பி?"

"வலிக்குமுங்க. இன்னும் ரெண்டு நாள் போனா வலிக்கறதுக்கு அது இருக்காதுங்க."

அக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்தார். பிறகு என்னிடம் கேட்பது போலத் தனக்கே சொல்லிக்கொண்டார். "நாம கறியாக்கறப்ப என்ன பண்றோம்? பொறத்தால வெளி அடுப்புல ஆக்கி, அங்கயே தின்னுபோட்டு, கை கால் கழுவீட்டுத்தான உள்ள வாரோம்?"

"தொட்டிய வெளிய கொண்டுபோக முடியாதுங்கக்கா. எடுத்தா ஒடஞ்சுபோகும்."

"தொட்டி எதுக்குங்க போகோணும்? ஹாலு போகட்டும்."

எனக்குப் புரியவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் புரிந்துவிட்டது. ஹாலில் இருந்த சாமி படங்களை எல்லாம் உள்ளறைக்கு மாற்றினார். ஹாலிலிருந்து வீட்டுக்குள் போகிற கதவைப் பூட்டி, அதன்மேல் மஞ்சள்தண்ணீர் தெளித்தார். முன்வாசல் சாவியை என் கையில் கொடுத்தார். அந்த நிமிடத்திலிருந்து ஹால் வீட்டில் சேர்த்தி இல்லை. வெளி அடுப்பு மாதிரி அதுவும் ஒரு வெளி.

முதலாளி தறிக்கூடத்திலிருந்து வந்து முன்படியில் கால் வைத்தார். அக்கா திண்டுக்கல் பூட்டுப் போல நின்றார்.

"பின்வாசல்ல வாங்க."

"ஏன்?"

"இது வெளிய."

"அம்மிணி, தேக்குல இழைச்சு இழைச்சுப் போட்ட வாசக்கால் இது. இதுல நான் வரக்கூடாதா?"

"தாராளமா வாங்க. மாலையக் கழட்டி வெச்சுட்டு வாங்க."

அவர் சுற்றிக்கொண்டு போனார். துவைக்கிற கல்லையும் மாட்டுச்சாலையையும் தாண்டித்தான் பின்வாசல். அந்த வீட்டுக்கு நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து அதுதான் எனக்கு வழி. இப்போது முன்வாசலில் நானும் பின்வாசலில் அவரும் என்று ஆனது. வழியனுப்ப வந்த சொந்தக்காரர்களும் கார் நிறுத்திவிட்டு முன்வாசலுக்கு வருவார்கள். நான் இறால் கையோடு கதவைத் திறந்து, "பொறத்தால போங்க" என்பேன். வேட்டி மடித்துக்கட்டிய பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "ஏனுங்க, ஊட்டுக்காரங்க நீங்களுங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

ஹாலுக்குள் ஐஸ்பெட்டி வைத்துக்கொண்டு தீனியைத் திரும்ப ஆரம்பித்தேன். முதலில் பேத்தையின் வயிற்றை நிரப்பினேன். அது கல்லோடு ஒட்டிப் படுத்துக்கொண்ட பிறகுதான் சிங்கமீனுக்குக் குச்சியை நீட்டினேன். முதல் நாள் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த முறை சட்டென்று உறிஞ்சிக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே செம்பருத்திச் செடிக்குள் நின்றுகொண்டு முதலாளி கேட்டார்: "தின்னுச்சா?"

"தின்னுதுங்கண்ணா."

"களவா?"

"அது எப்பவோ தின்னுபோட்டுதுங்க."

"சம்மந்தி?"

"அவரு படுத்துட்டாருங்க."

அவர்கள் பழனிக்கு நடந்து போனார்கள். வீட்டுக்கு வெளியே என்றாகிவிட்ட அந்த ஹாலில் நான் பாய் விரித்துப் படுத்துக்கொண்டேன். அவர்கள் திரும்பி வந்து, மாலையைக் கழற்றி, உள்கதவைத் திறந்து ஹாலைக் கழுவி மறுபடி வீட்டோடு சேர்த்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்து. பின்னால் வெளி அடுப்பில் கறி கொதித்தது. ஹாலில் சொந்தமெல்லாம் கண்ணாடி முன்னால் கூடி நின்றது. நாலு மீனும் இருந்தன. சிங்கமீனின் செட்டை ஓரத்தில் புதிதாக மெல்லிய தோல் துளிர்த்திருந்தது. முதலாளி எல்லோர் முன்னாலும் மாடி அறைச் சாவியை என் சட்டைப் பையில் போட்டு, "பேச்சுன்னா பேச்சு" என்றார்.

அறை நல்ல அறை. மின்விசிறி உண்டு, தரை ஊறாது. எனக்குத்தான் அதில் கால் நிற்கவில்லை. விடிந்ததும் எழுந்து மெயின் ரோட்டுக்கு நடந்துவிடுவேன். காந்திபுரம் போகிற பஸ் வந்து நிற்கும். ஏற நினைப்பேன், எங்கே போவதென்று இல்லாமல். போன வாரம் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க, டெய்லி வந்து நிக்கறீங்க, ஏற மாட்டீங்கறீங்க. பஸ்ஸ வேடிக்கை பாக்கறதுக்கா வாரீங்க?"

"இன்னிக்கு மீனுக்குத் தீனி போடற நாளுங்க."

"நாளைக்கு?"

"நாளைக்குப் போட மாட்டனுங்க."

"அப்ப நாளைக்கு ஏறிக்குங்க. ஜன்னல் சீட்டு புடிச்சு வெக்கறேன்" என்று சொல்லி விசில் கொடுத்தார்.

பஸ் போனது. நான் தோட்டத்துப் பக்கம் திரும்பி நடந்தேன். இறாலை ஐஸிலிருந்து எடுத்து வெளியே வைக்க நேரமாகியிருந்தது.