துரையின் வயிற்றில் நூல்

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அவள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அது தெரிந்தவர் தபால்காரர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அவள் ஜிப்பக்கா. பல் போன ஜிப்பைப் பிரித்தெடுத்துவிட்டு, பழைய துளை தெரியாமல் புது ஜிப் வைத்துத் தைத்துக் கொடுப்பாள். அதற்கு முன்னால் பல வருடங்கள் ஒரு சட்டைக் கம்பெனியில், கடைசி மேசையில் வேலை பார்த்தாள். தைத்து முடித்த சட்டைகள் பெட்டிக்குப் போகுமுன் அந்த மேசைக்குத்தான் வரும். பிசிறு நூல் தேடுவது அங்கே வேலை. நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை இடது கையால் மெல்ல இழுக்க வேண்டும். வந்தால் வரட்டும். பிடித்துக்கொண்டால் அடியோடு கத்தரிக்க வேண்டும்.

கம்பெனியை மூடிவிட்டார்கள். அந்தச் சேதி அவள் கைக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. ஒருமுறை லிஃப்டில் முன்னால் நின்ற முன்பின் தெரியாத மனிதரின் காலரில் தொங்கிய நூலைப் பிடித்து இழுத்துவிட்டாள். அவர் திரும்பி முறைத்ததை அவள் புருஷன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நடித்துக் காட்டுவான். அவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். நாளெல்லாம் வாயை மூடிக்கொண்டு ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து சேர்த்து வைத்துப் பேசுவான்.

அவர்களுக்கு ஒரே மகள். படிப்பு முடிய ஒரு வருடம் இருக்கும்போது பாதியில் விட்டுவிட்டு, வேறு ஊரில் ஒரு ஓட்டலின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தாள். கிளம்பிய அன்று தாய்க்கும் மகளுக்கும் வாய் முற்றியது. “போறவ போயிட்டே இரு, திரும்பிப் பாக்காத” என்றாள் ஜிப்பக்கா. சொன்னபடியே மகள் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். விடுதியில் பூனைக்கு இடம் கிடையாது என்பதால், தான் வளர்த்த பூனையை மட்டும் விட்டுவிட்டுப் போனாள்.

அந்தப் பூனைதான் துரை. சாம்பல் நிறம், பெருத்த உடம்பு. பிறந்ததிலிருந்து வாசலைத் தாண்டியதில்லை. நடையில் ஒரு தோரணை இருக்கும்.

மகள் தன் விடுமுறை நாளில் தொலைபேசியில் கூப்பிடுவாள்.

“துரை சாப்பிட்டாரா?”

“சாப்பிட்டார்.”

“மணல் தட்டுல வெளிக்குப் போனாரா?”

“போனார்.”

“சரி, வைக்கிறேன்.”

அவ்வளவுதான். நீ எப்படி இருக்கிறாய் என்று இவளும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. மகள் போனதிலிருந்து ஜிப்பக்காவுக்கு எதுவும் உறைப்பதில்லை. அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தாலும் சாப்பிட்டு எழுந்துவிடுவாள். ஆனால் ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. துரை இருக்கும்வரைதான் அந்தத் தொலைபேசி அடிக்கும்.

துரைக்கு வயிறு எப்போதுமே தகராறுதான். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிற பூனை. ஓட்டமில்லை, தண்ணீரும் சரியாகக் குடிப்பதில்லை. மலம் கட்டிக்கொள்ளும். உடம்பை நக்கி நக்கி விழுங்கிய முடி உருண்டையாகச் சேர்ந்து, கம்பளத்தில் வந்து விழும். இதற்காகவே ஈர உணவு, வேகவைத்து மசித்த பூசணி, அறைக்கொரு தண்ணீர்க் கிண்ணம் என்று டாக்டர் சொன்னதையெல்லாம் அவள் ஒன்றுவிடாமல் செய்து வந்தாள். அதனால் அந்த வாரம் துரை வாந்தி எடுத்தபோது, முடிதான் என்று துடைத்துவிட்டுத் தையலுக்குத் திரும்பினாள்.

மறுநாளும் வாந்தி. முடி இல்லை, மஞ்சள் தண்ணீர் மட்டும். அதற்கடுத்த நாள் துரை கிண்ணத்தை முகர்ந்துவிட்டு, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய்ப் பதுங்கிக்கொண்டது. வாயோரம் எச்சில் வழிந்தது. மணல் போட்டது போட்டபடி கிடந்தது.

அவள் அதை இழுத்து மடியில் போட்டுத் திருப்பிப் பார்த்தாள். வாலுக்கடியில் ஒரு நூல் நுனி. கறுப்பு, தடித்த நூல். ஜீன்ஸ் தைக்கிற ரகம்.

அவள் யோசிக்கவில்லை. இடது கை போய்விட்டது. நூல் முதலில் வழுக்கிக்கொண்டு வந்தது. பிறகு பிடித்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். அப்போது விரலில் ஒன்று தெரிந்தது. பாவாடைக்குச் சுருக்கு வைக்கும்போது, ஒரு முனையில் முடிச்சுப் போட்டு மறுமுனையை இழுத்தால், துணி நூலின் மேல் மடிப்பு மடிப்பாக ஏறி வரும். அதே பிடிப்பு. துரை அதுவரை அவள் கேட்டிராத குரலில் ஒருமுறை கத்தியது. அவள் கத்தரியை எடுத்து, நுனியை அடியோடு வெட்டினாள். வெட்டிய துண்டைக் குப்பையில் போட்டாள்.

புருஷன் அன்று மதியம் வேலை முடிந்து வந்ததும் பூனையைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். துரையின் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, விளக்கடித்துப் பார்த்தார்.

“இங்க பாருங்கம்மா. நாக்குக்கு அடியில நூல் சுத்திக்கிட்டு இருக்கு. ஒரு முனை இங்க மாட்டியிருக்கு, மிச்சம் உள்ள போயிருக்கு. பின்னாடி ஏதாவது நூல் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

“இழுத்தீங்களா?”

“இழுத்தேன்.”

புருஷன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவனிடம் அவள் அதைச் சொல்லியிருக்கவில்லை.

“இழுக்கவே கூடாதும்மா” என்றார் டாக்டர். குரலில் கண்டிப்பு இல்லை, களைப்புதான் இருந்தது. “ஒரு முனை மாட்டிக்கிட்டா, குடல் அந்த நூல் மேலயே...”

“சுருக்கு விழும்” என்றாள் ஜிப்பக்கா.

“ஆமா. ரொம்ப இறுகினா குடலை அறுத்துடும். உடனே திறந்து பாக்கணும். பிழைக்கும்னு வாக்குக் குடுக்க முடியாது.”

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் புருஷன் மெதுவாகச் சொன்னான். “இப்பவே அவகிட்ட சொல்லாத. என்ன ஆகுதுன்னு பாத்துட்டுச் சொல்லிக்கலாம். நீ இழுத்ததைச் சொல்லணும்னே இல்ல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன அப்புறம்? ஏற்கெனவே அவ உங்கூட முகங்குடுத்துப் பேசறதில்ல. இதுவும் தெரிஞ்சா...”

அவள் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மகள் போனபிறகு அவளாகக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. அம்மா கூப்பிடுகிறாள் என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்பது மகளுக்கும் தெரிந்திருந்தது.

“துரைக்கு என்ன?”

“நூலை முழுங்கிட்டார். ஆபரேஷன் பண்றாங்க.”

மறுமுனையில் யாரோ சாவி கேட்டார்கள். மகள் அவர்களுக்கு மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு வந்தாள்.

“நூல் டப்பாவ மூடி வைன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?”

“சொல்லியிருக்க.”

“பொழைச்சுடுவாரா?”

“தெரியாதுன்னாங்க. பின்னாடி நூல் தெரிஞ்சுது, நான் இழுத்துட்டேன். இழுக்கக் கூடாதாம்.”

“நான் வரேன்” என்று மகள் வைத்துவிட்டாள்.

துரை பிழைத்தது. குடலில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். மகள் வந்து சேர்ந்தபோது அது புண்ணை நக்காதபடி கழுத்தில் மாட்டிய புனல் மாதிரி ஒரு பட்டையோடு, மழித்த வயிறும் தையலுமாகக் கூண்டுக்குள் படுத்திருந்தது. ஜிப்பக்கா குனிந்து அந்தத் தையலைப் பார்த்தாள். நெருக்கமாக, ஒரே அளவாக இருந்தது. மகள் கூண்டுக்குள் விரலை விட்டு, பூனையின் காதைத் தடவினாள். தாயிடம் “சாப்பிட்டியா”வும் இல்லை, “ஏன் இப்படிப் பண்ணே”யும் இல்லை.

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு எல்லாம் ஒரே ஒரு விஷயத்துக்காகக் காத்திருந்தது. தைத்த குடல் வேலை செய்கிறதா என்பது துரை மணல் தட்டுக்குப் போனால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகள் சமையலறைத் தரையில் தட்டுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துக்கொண்டாள். ஜிப்பக்கா வேளைக்கு இரண்டு கரண்டி ஈர உணவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். புருஷன் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுமுன் கேட்பான்.

“துரை ஆபீஸ் போனாரா?”

“இல்லப்பா.”

“நல்ல குடும்பம். ஒருத்தர் வெளிக்குப் போறதுக்கு மூணு பேர் தவம் கிடக்கோம். பஸ்ல சொன்னா சிரிப்பாங்க.”

“பஸ்ல சொல்லிடாதீங்கப்பா, ப்ளீஸ்.”

“சொல்லியாச்சு. கண்டக்டர் தெனமும் விசாரிக்கறான்.”

ஒரு விடியற்காலை துரை தானாக எழுந்து, புனல் சுவரில் இடிக்க இடிக்கத் தட்டுக்குப் போனது. மணல் கிளறும் சத்தம் கேட்டு ஜிப்பக்கா வந்தாள். மகள் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். இருவரும் பார்த்தார்கள். துரை வேலையை முடித்துவிட்டு, இவர்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் நடந்து போனது.

மகள் குனிந்தாள். “தண்ணியா இருக்கே?”

“முதல்ல அப்படித்தான் இருக்கும்னாங்க. ரத்தம் இருக்கா பாரு.”

“இல்ல.”

“நிறம்?”

“பழுப்பு.”

“அப்ப சரிதான்” என்றாள் ஜிப்பக்கா. தட்டை எடுத்துக் கழுவினாள். அவர்கள் இவ்வளவு நேரம் பேசி ரொம்ப நாளாகியிருந்தது. அது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் சந்தோஷமா என்று உள்ளே தேடிப் பார்த்தபோது ஒன்றும் தட்டுப்படவில்லை.

தையல் பிரித்த அன்று மகள் பையை அடுக்கினாள்.

“துரைய நான் கூட்டிட்டுப் போறேன். விடுதிய விட்டு வந்தாச்சு. கூட வேலை பாக்கறவளோட வீடு எடுத்திருக்கேன், பூனை வெச்சுக்கலாம்.”

“எப்ப?”

“ரெண்டு மாசம் ஆச்சு.”

“சரி.”

“இங்க எங்க பாத்தாலும் நூல்மா.”

“சரின்னேனே.”

மருந்து, கிண்ணம், துரை படுக்கும் பழைய போர்வை எல்லாவற்றையும் ஜிப்பக்காவே கட்டிக் கொடுத்தாள். எவ்வளவு தண்ணீர் கலப்பது, பூசணியை எவ்வளவு மசிப்பது, முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எத்தனை நேரம் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுவது என்று வாசலில் நின்று ஒருமுறை சொன்னாள். மகள் தலையாட்டினாள். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

“நீ வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்ல?” என்றான் புருஷன். “இனிமே அவ எதுக்குக் கூப்பிடுவா?”

“இங்க நூல் இருக்கு” என்றாள் அவள்.

விடுமுறை நாள் வந்தது. தொலைபேசி அடிக்கவில்லை. அவள் இரண்டு பேண்டுகளுக்கு ஜிப் மாற்றினாள். அடுத்த நாளும் அடிக்கவில்லை. மூன்றாம் நாள் புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு படம் வந்தது. மணல் தட்டு. நடுவில் சின்னதாக இரண்டு துண்டுகள். கீழே மகள் எழுதியிருந்தாள்: “இது சரியாம்மா?”

ஜிப்பக்கா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினாள்: “கொஞ்சம் இறுக்கம். தண்ணி கூட்டு. நாளைக்கும் அனுப்பு.”

“சரி” என்று உடனே பதில் வந்தது.

“யாரு?” என்றான் புருஷன்.

அவள் தொலைபேசியை அவன் பக்கம் நீட்டினாள்.

“அடச்சே, சோறு தின்னுக்கிட்டு இருக்கேன்!” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுத்த வாய்ச் சோற்றைப் பிசைந்தான். பிசைந்த கையை நிறுத்திவிட்டு, “இன்னொரு தடவ காட்டு” என்றான்.