மிசோ கடைக்குப் போன புலி

முடிதிருத்தும் கடை ஃபுசயேயின் வயிற்றெரிச்சலுக்கு ஒரு பருவம் உண்டு. நவம்பரில் தபால் ஆபீசில் புத்தாண்டு அட்டை விற்க ஆரம்பித்ததும் கிளம்பும். ஜனவரி நடுவில் ஏரி உறையும்வரை அடங்காது. மற்ற மாதங்களில் அவளைப்போல நல்ல மனுஷி சுவா ஏரிக்கரையிலேயே கிடையாது. யார் வீட்டில் பிரசவம் என்றாலும் முதலில் போய் நிற்பவள் அவள்தான்.

எரிச்சலுக்குக் காரணம், மிசோ என்கிற சோயா விழுது விற்கும் கடைக்காரி தொவாகோ. இருவரும் ஒன்றாகப் படித்து, பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவர்கள். ஐம்பது தாண்டியும் 'டி' போட்டுத்தான் பேச்சு. ஊரில் பாதிப் பேர் அச்சடித்த அட்டையை வாங்கிப் பெயரை மட்டும் எழுதிக் கடமையை முடித்துவிடுவார்கள். இவர்கள் இருவரும், எலி, மாடு, புலி என்று வருஷத்துக்கு ஒன்றாகச் சுற்றிவரும் மிருகத்தைத் தங்கள் கையாலேயே போட்டு அனுப்புகிறவர்கள்.

ஃபுசயே மரக்கட்டையில் செதுக்குவாள். நிறத்துக்கு ஒரு கட்டை. மஞ்சள் காய்ந்தபின் சிவப்பு, சிவப்பு காய்ந்தபின் கறுப்பு. டிசம்பர் முழுக்க அவள் கட்டைவிரலில் பிளாஸ்திரி இருக்கும், வீடெல்லாம் அட்டை உலரும். தொவாகோவோ மிசோ விற்ற கையோடு கல்லாவிலேயே உட்கார்ந்து, தூரிகையை நாலு இழுப்பு இழுத்தால் முடிந்தது. எலி வருஷத்தில் ஃபுசயே மீசை ரோமம் ஒன்றுவிடாமல் முழு எலி செதுக்கினாள். தொவாகோ ஒரு மிசோ பீப்பாயைப் போட்டு, அதன் மூடி இடுக்கில் வால் மட்டும் தொங்கவிட்டாள். ஊரே சிரித்தது. ஃபுசயேயின் எலியைப் பார்த்தவர்கள், "அடேயப்பா, எவ்வளவு வேலை!" என்றார்கள். வேலையைத்தான் சொன்னார்கள். எலியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், தொவாகோவின் வெற்றி ஃபுசயேயின் கடையிலேயேதான் நடந்தது. அவள் புருஷன் கின்ஜி வருஷா வருஷம் வந்ததில் நல்ல அட்டைகளைக் கண்ணாடியைச் சுற்றிச் செருகிவைப்பான். நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் துணி கட்டிக்கொண்டவனுக்கு வேறு எங்கே பார்க்க முடியும்? ஒவ்வொருவனும் தொவாகோவின் அட்டையைப் பார்த்து, "இது யாருது?" என்று கேட்பான். தெரிந்துகொண்டே கேட்பான். தன் வீட்டு அட்டை தன் வீட்டுக்கு வராதே, அதனால் ஃபுசயேயின் அட்டைக்கு அந்தக் கண்ணாடியில் இடமில்லை. புத்தாண்டு வாழ்த்துச் சொல்லப் போகிற வீடுகளிலும் கண்ணால் துழாவுவாள். ரப்பர் பேண்டு போட்ட கட்டுக்குள் எங்கோ கிடக்கும். ஒரே ஒரு தடவை, தன் அட்டையைப் பார்த்து யாராவது "இது யாருது?" என்று கேட்டுவிட்டால் போதும், அவளுக்கு வேறெதுவும் வேண்டியதில்லை.

புலி வருஷம் வரவிருந்தது. நவம்பரிலேயே புலியைச் செதுக்கிவிட்டாள். வழக்கம்போல முதல் நல்ல பிரதியில் தொவாகோவின் விலாசத்தை எழுதி, அட்டைகள் வைக்கும் பெட்டியின் அடியில் வைத்தாள். எதிரிக்கு நல்லதாகப் போகவேண்டுமே!

டிசம்பர் தொடக்கத்தில் தொவாகோவிடமிருந்து சாம்பல் ஓரமிட்ட அட்டை வந்தது. நவம்பர் கடைசியில் மாமனார் தவறிவிட்டதால் இந்த வருஷம் வாழ்த்து அனுப்புவதற்கில்லை, மன்னிக்கவும் என்று. அப்படி அட்டை வந்த வீட்டுக்கு நாமும் வாழ்த்து அனுப்பக்கூடாது. இது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஃபுசயேயும் சாவுக்குப் போனவள்தான், மூன்று நாள் சமையல்கட்டில் நின்றவள்தான். ஆனால் அந்தச் சாம்பல் ஓரத்தைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது துக்கமில்லை.

"ஏங்க, இந்த வருஷம் மிசோ கடை அட்டை கிடையாது!"

கின்ஜி கத்தியைத் தீட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். "அதுக்கு ஏன் பல்லைக் காட்டறே?"

"யாரு காட்டினா? பாவம்னு சொல்ல வந்தேன்."

அந்தக் குஷியிலேயே, டிசம்பர் கடைசியில் பெட்டியிலிருந்த அட்டைகளைக் கட்டுக்கட்டாகத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். புலி வருஷம் முழுக்கத் தனக்கே என்ற நினைப்பு.

புத்தாண்டுக் காலையில் மோச்சி என்கிற அரிசிக் கொழுக்கட்டை போட்ட சூப்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. தபால்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து கட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்குத் திரும்பினார். ஃபுசயே கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். தொவாகோவுடையது இல்லை. இல்லை என்று தெரிந்தும் கடைசிவரை பார்த்தாள். அப்போதுதான் பெட்டியின் அடியில் வைத்த அட்டை அவள் நினைவுக்கு வந்தது.

சிவப்புப் புலி. தலைக்கு மேலே தங்க எழுத்தில் 'வாழ்த்துகள்'. சாவு விழுந்த வீட்டுக்கு!

செருப்பு மாற்றக்கூட நிற்கவில்லை, பனியில் ஓடினாள். ஊரெல்லாம் வாசலில் வைக்கோல் தோரணம் தொங்க, மிசோ கடை வாசல் மட்டும் மொட்டையாக இருந்தது. அந்த வாசலில் தொவாகோ நின்றுகொண்டிருந்தாள், கையில் ஒரே ஒரு அட்டையோடு.

"தெரியாம போட்டுட்டேன்டி. சத்தியமா உன் அட்டை வர்றதுக்கு முன்னாடியே எழுதினது. கொடு, கிழிச்சுப் போட்டுடறேன்."

தொவாகோ கொடுக்கவில்லை. ஃபுசயேயின் காலைப் பார்த்தாள். "இந்தப் பனியிலே வீட்டுச் செருப்போடயா வந்தே? உள்ள வா, முட்டாள்."

"திட்டேன்டி. திட்டிடு."

"டீ போட்டிருக்கேன். வா."

டீயைக் குடிக்கும்போதும் அட்டையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊறுகாய் நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். திட்டியிருந்தால் ஃபுசயேக்குக் கணக்கு நேராகியிருக்கும். பெருந்தன்மையிலும் இவள்தான் முதலா என்று வீடு திரும்பும் வழியெல்லாம் குமைந்தாள். தப்பு செய்தவளுக்கு இந்தக் குமைச்சல் வரலாமா என்றால், வந்தது, என்ன செய்ய!

முதல் வாரம் கழிந்தால், துக்க வீட்டார் 'குளிர் கடுமை, உடம்பைப் பார்த்துக்கொள்' என்று ஓர் அட்டை போடலாம். அப்படி ஒன்று தொவாகோவிடமிருந்து வந்தது. வெறும் கறுப்பு மை. மிசோ கடை வாசல், பனி, பாதி திறந்த கதவு. பனியில் பெரிய பெரிய பாதத் தடங்கள் வாசல்வரை வந்து, கதவுக்குள்ளே போயிருந்தன. புலியைக் காணோம்.

கின்ஜி அதைக் கண்ணாடியில் நட்டநடுவே செருகினான்.

அன்றைக்குக் கடையில் கூட்டம். நாற்காலியில் மீன்கடை ஒகுமா, முகம் முழுக்க நுரை.

"அண்ணே, இது யாருது?"

"மிசோ கடையோடது."

"அதானே பார்த்தேன்! வேற யாரு போடுவா இப்படி? ஆமா, புலி எங்க?"

பெஞ்சில் காத்திருந்தவன் எட்டிப் பார்த்தான். "உள்ள போயிருக்குப்பா. தடம் உள்ளதானே போகுது."

"துக்க வீட்டுக்குள்ள புலிக்கு என்ன வேலை?"

"யாருக்குத் தெரியும். தொவாகோ போட்டா அதுல ஏதாவது இருக்கும்."

துண்டு மடித்துக்கொண்டிருந்த ஃபுசயேக்குக் காது சுட்டது. என்ன இருக்கிறது என்று உலகத்திலேயே, கின்ஜியையும் சேர்த்து, மூன்று பேருக்குத்தான் தெரியும். சொன்னால் ஊர் காறித் துப்பும்; துக்க வீட்டுக்கு வாழ்த்து அனுப்பியவள் என்ற பெயர் சாகும்வரை போகாது. சொல்லாவிட்டால் அந்தப் புலியும் தொவாகோவுடையதாகிவிடும். கண்ணாடி வழியாகக் கின்ஜி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான்.

"அது என் புலி," என்றாள் ஃபுசயே.

கடையில் எல்லோரும் திரும்பினார்கள்.

"நான்தான் அனுப்பினேன். துக்க வீடுன்னு தெரிஞ்சும், கவனமில்லாம தபால்ல போட்டுட்டேன். தங்க எழுத்துல வாழ்த்து வேற. அந்தப் புலியைத்தான் அவ வீட்டுக்குள்ள விட்டிருக்கா. தடம் அவ போட்டது. புலி என்னோடது."

ஒகுமா நுரையோடு மெல்லத் தலையைத் திருப்பினான்.

"அண்ணி, அந்தப் புலியைப் பார்க்கணுமே. எப்படி இருக்கும்?"

"உன் வீட்டுக்கும் வந்திருக்கு. போய் ரப்பர் பேண்டைக் கழட்டிப் பாரு."