ஊற்றிவிட இருந்த புழு

கனடாவின் மொன்றியலில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நான் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகள். உருளைப்புழுக்களை இனம் பிரிக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் அங்கே இருந்தார். ஒல்லியானவர். பனிச்சப்பாத்தைக் கழற்ற மறந்து நாள் முழுக்க அதோடேயே நிற்பார். எலியளவே உள்ள, குட்டியைப் பையில் சுமக்கும் ஆஸ்திரேலிய விலங்குகளின் குடலிலிருந்து எடுத்த புழுக்கள் அவை. குச்சியில் ஒட்டிய தன் கண்ணிமை மயிரால்தான் அவற்றைப் புரட்டுவார்.

மூன்று மாதமாகப் பெண் புழுக்களே அகப்பட்டன. ஆணின் வாலைப் பார்க்காமல் இனம் சொல்ல முடியாதாம்.

ஒருநாள், கழுவ வந்த தட்டில் நூலிழை போல ஏதோ சுருண்டு கிடந்தது.

"அக்கா, இதை ஊத்தட்டோ?"

பாய்ந்து வந்து பறித்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துக் குனிந்து பார்த்தார்.

"ஐயோ தம்பி, ஆண்! ஓடி வந்து பாருங்கோ!"

வால்நுனி சின்ன விசிறியாக விரிந்திருந்தது.

"நான் தூசியெண்டெல்லோ விட்டிட்டன்!" என்று என் ஈரக் கைகளைப் பிடித்துக் குலுக்கினார்.

அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ, தெரியாது. நான் வீட்டில் தேநீர்க் கோப்பையைக்கூட இன்றுவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் கழுவுகிறேன்.