சிப்பிக்குள் இருந்த உப்பு

எங்கள் செஞ்சியில் பாறைக்குப் பஞ்சமில்லை. கடல்தான் இல்லை. அதனால், கடலோரப் பாறைகளில் ஒட்டி வளரும் சிப்பி ஒரு பை நிறைய வந்து இறங்கியபோது, அதை என்ன செய்வதென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

மகளுக்குக் கல்யாணம் ஆன புதிது. மாப்பிள்ளை வீடு மரக்காணம் பக்கம். அன்று மதியம் சம்பந்தி அம்மாள் முதல் முறையாக எங்கள் வீட்டில் சாப்பிட வருகிறார். காலையிலேயே மாப்பிள்ளை சிப்பியைக் கொடுத்துவிட்டுப் போனார். சாப்பாட்டில் ஒரு குறை என்றாலும் மகள் ஆயுசுக்கும் பேச்சுக் கேட்பாள் என்று என் மனைவிக்குப் பயம்.

எண்ணினேன். முப்பத்து நான்கு. அதற்குள் மனைவி அவற்றைக் குண்டானில் கொட்டிக் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டாள். ஏரி விராலை அப்படித்தான் உயிரோடு வைத்திருப்போம்.

“இது கடல் ஜந்து. நல்ல தண்ணி ஆகாது.”

“விராலு இருக்குது இல்ல? இது மட்டும் இன்னா மகாராணியா?”

முப்பத்து நான்கும் வாயை இறுக்கிக்கொண்டன. கைப்பேசியில் படித்ததை விளக்கினேன். கடல் உள்வாங்கினாலும் மழைநீர் கலந்தாலும், உள்ளே இருக்கும் தசை இரண்டு ஓடுகளையும் இழுத்துச் சாத்திவிடும். கொஞ்சம் கடல்நீரை உள்ளேயே பிடித்துவைத்துக்கொண்டு சிப்பி காத்திருக்கும். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

நானே தண்ணீரை மாற்றி, லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பை நிறுத்துப் போட்டேன். மெல்ல ஒவ்வொன்றாகத் திறந்தன. செவுள்கள் தண்ணீரைச் சலிக்கத் தொடங்கின. ஒன்று நாக்கு போன்ற காலை நீட்டி, நூல் போன்ற நாரால் குண்டான் சுவரில் ஒட்டிக்கொண்டது. குழம்புக்குப் போகிற ஜீவன் குடியேறத் தொடங்கியிருந்தது.

“புது வீட்டுக்குப் பால் காய்ச்சட்டுமா? மணி பதினொண்ணு ஆவுது,” என்று மனைவி குண்டானைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

ஏரி மீனுக்குப் போடுகிற அதே கை உப்பைக் குழம்பிலும் போட்டாள்.

சம்பந்தி ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு தண்ணீர் குடித்தார். மூன்று டம்ளர்.

“தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. சிப்பிக்கு உப்பே போடக் கூடாது. அது வயித்துலயே கடலு இருக்குது.”

மனைவி என் பக்கம் திரும்பினாள். “காலையிலேர்ந்து பாடம் எடுத்தீங்களே, இத சொன்னீங்களா?”

யாரும் கேட்கவில்லையே!

சம்பந்தி எழுந்து, தேங்காய் எங்கே என்று கேட்டபடி குழம்போடு அடுப்படிக்குள் போனார். மனைவியும் பின்னால் ஓடினாள். தேங்காய் உடையும் சத்தம். பிறகு சிரிப்பு.

“உங்க வூட்டுக்காரரு எப்பவும் இப்படித்தானா?”

“இன்னிக்குக் கொஞ்சம் பரவால்ல சம்பந்தி.”