மூன்று கோப்பை

எனக்கு ஒன்பது வயதில் அப்பாமேல் வந்த கோபம் கனகாலம் ஆறவில்லை. காரணம் ஒரு சூப்.

கனடாவுக்கு வரும் வழியில் சித்தப்பா சிங்கப்பூரில் ஐந்து மாதம் மறிபட்டிருந்தார். அங்கே தியோச்சு சீனரின் கடையில் பன்றி விலா எலும்பு சூப் குடித்துப் பழகிவிட்டார். தொண்ணூறுகளின் நடுவில், ஸ்காபரோவில் அதே ஆட்களின் கடையொன்று அவர் கண்ணில் பட்டது. நாங்கள் இந்த நாட்டுக்கு வருமுன்பே பல வருடமாக நடக்கிற கடை. அன்றிலிருந்து வீட்டில் வேறு கதை இல்லை.

“மிளகும் உள்ளியும் போட்டு அவிச்சது, அண்ணி. எங்கட ரசம்தான். பண்டி மட்டும் கூட.”

“ரசத்துக்குள்ள பண்டியோ? நல்ல ரசம்,” என்றார் அம்மா. ஆனாலும் வெளிக்கிட்டார். குடும்பமாகக் கடையில் இருந்து சாப்பிடப் போனது அதுதான் முதல் தடவை. நான் மத்தியானம் சாப்பிடாமல் வயிற்றைக் காலியாக வைத்திருந்தேன்.

கடைக்காரர் ஒரு கிழவர். சூப்புக்கு முதல் தேத்தண்ணி கொண்டுவந்தார். சின்னச் சின்னக் கோப்பைகள், ஒரு மிடறு கொள்ளும். நாங்கள் நாலு பேர். கோப்பை மூன்று. அம்மா ஒன்று, சித்தப்பா ஒன்று, நான் ஒன்று எடுத்துவிட்டோம்.

அப்பா இன்னொரு கோப்பை கேட்டார். கிழவர் சிரித்துக்கொண்டு தலையாட்டி மறுத்தார். மூன்று விரலைக் காட்டினார். அம்மா குடித்துவைத்த கோப்பையைக் கிழவரே எடுத்தார். சுடுதண்ணீரில் கழுவினார். திரும்ப ஊற்றி, இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டினார்.

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது.

“எனக்கு மட்டும் புறம்பா என்ன?”

“அண்ணை, இருங்கோ. எத்தினை பேர் வந்தாலும் மூண்டு கோப்பைதான். ஆளையாள் விட்டுக்குடுத்துக் குடிக்கிறது. அவையின்ர வழக்கம்.”

“வழக்கமோ?” அப்பா எழும்பிவிட்டார். “ஊரிலயும் இதைத்தானே சொன்னவங்கள்.”

சித்தப்பாவும் எழும்பினார். ஜக்கெற்றை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து சூப் வந்தது. நாலு கிண்ணம். ஆவி பறந்தது. நான் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டேன். அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

ஊரில் தேத்தண்ணிக் கடைக்கு வெளியே, எங்கள் ஆட்களுக்கென்று ஆணியில் ஒரு தகரப் பேணி தொங்குமாம். வெளியில் நின்று குடித்துவிட்டு, நாங்களே கழுவி, திரும்பக் கொழுவ வேண்டும். உள்ளே இருக்கிற கிளாசைத் தொடக்கூடாது. ஏனென்று கேட்டால் வழக்கம் என்பார்கள். கேட்டதற்கு அப்பா அடியும் வாங்கியிருக்கிறார். இதெல்லாம் எனக்குக் கலியாணம் முடிந்தபிறகு சித்தப்பா சொல்லித்தான் தெரியும்.

அந்த ஆணியை அடித்தவர்கள் கோயிலுக்குப் போய்த் திருநீறும் பூசிக்கொண்டுதான் வந்திருப்பார்கள். பிறம்ரனில் ஒரு கிடங்கில் என்னோடு பெட்டி அடுக்குகிற சிலர், “அது அந்தக் காலம், அக்கா” என்கிறார்கள். எந்தக் காலம்? அப்பா ஸ்காபரோவில் சாப்பாட்டு மேசையை விட்டு எழும்பிப் போனாரே, அது எந்தக் காலம்?

அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. பசி. காரில் பின்சீற்றில் இருந்து கத்தினேன்.

“அந்தத் தாத்தா என்ன செய்தவர்? ஒண்டும் செய்யேல்லை!”

“வாயை மூடு, பிள்ளை,” என்றார் அம்மா.

“தன்ர கையால கழுவித்தானே அப்பாவுக்குத் தந்தவர்!”

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. சிவப்பு விளக்கில் நின்றிருந்தோம். பச்சை விழுந்தது. கார் அசையவில்லை. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான், இன்னொருவனும் அடித்தான்.

“அண்ணை, பச்சை,” என்றார் சித்தப்பா, மெதுவாக.

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். அடி விழப்போகிறது என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன்.